அடையாறில் உட்கார்ந்து மன்னார்குடிச் சேறு பார்த்த கதை

வயலில் வண்டி எங்கே வழுக்கப் போகிறது என்று முந்தின நாளே சொல்லிவிடுவது எங்கள் தொழில். அதையும் மீறி வழுக்கினால் போனில் திட்டு வாங்குவது அந்தத் தொழிலில் என்னுடைய பங்கு.

எந்தக் கம்பெனிக்காக இருந்தாலும் சரி, வாடிக்கையாளர் போனை எடுத்து எடுத்து ஒரு பக்கக் காது சூடேறிப் போன அன்பர்களே, திட்டு வாங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட் எடுத்த படம், மண்ணின் ரகம், பெய்த மழை, பெய்யப்போகிற மழை, போன தடவை அதே வயலில் சக்கரம் எங்கெங்கே நகராமல் சும்மா சுற்றியது என்ற விவரம், இவ்வளவையும் எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றாகப் போட்டு அரைத்து, விடிவதற்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மேப் தரும். பச்சை என்றால் கெட்டித் தரை. மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் சேறு. வண்டியில் பொருத்தியிருக்கும் எங்கள் பெட்டி அந்த மேப்பைப் பார்த்துக்கொண்டே போகும். சிவப்பு வருவதற்குப் பத்தடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து, சக்கரங்கள் தனித்தனியாக வழுக்காமல் சேர்ந்தே சுற்றும்படி ஒரு பூட்டும் போட்டுவிடும். டிரைவர்கள் அதை ‘லாக்கு’ என்பார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட மாட்டிக்கொள்ளாமல் போவது நல்லது, அவ்வளவுதான் விஷயம்.

இதை நம்பி அடையாறில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். பணம் போட்டவர் தீபாவளியன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தை, மாசி அறுவடை முடிவதற்குள் ஒரு பெரிய வாடிக்கையாளராவது தன்னுடைய எல்லா வண்டிக்கும் பெட்டி கேட்க வேண்டும். இல்லையென்றால் ஆபீசை மூடிவிடலாம். மற்ற ஐந்து பேரும் சின்ன வயசு, தரமணியில் இறங்கினால் வேறு வேலை கிடைத்துவிடும். எனக்கு நாற்பத்தெட்டு. இது போனால் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்க இனி ஒருத்தரும் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு போனையும் எடுத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம், நான் ஒன்றையும் சிரித்துக்கொண்டு அனுபவிக்கவில்லை.

வேலை கிடைத்த விதம்

பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். ஒரு நாள் நிர்வாகத்தில் கூப்பிட்டு, வரலாறும் புவியியலும் இனிமேல் ஒரே டீச்சர் போதும் என்றார்கள். வரலாறு மிஸ்ஸை வைத்துக்கொண்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஏழு மாதம் சாந்தோம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. வீட்டில் யார் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் அடையாறு காய்கறிக் கடையில் பிரவீனைப் பார்த்தேன். என்னிடம் படித்தவன். ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையில் காவிரியைக் கடலில் பிறக்க வைத்துக் குடகில் கொண்டுபோய் முடித்த பையன். இப்போது மேப் கம்பெனி வைத்திருக்கிறேன் என்றதும் எனக்குப் பகீர் என்றது. வேலைக்கு வாங்க மிஸ் என்றான். எனக்கு டிராக்டரைப் பற்றி என்னப்பா தெரியும் என்றேன். பிரவீன் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: “எனக்கும் ஒண்ணும் தெரியாது மிஸ். கஸ்டமர் கத்தும்போது திருப்பிக் கத்தாத ஒரு ஆள் வேணும். எங்க கிளாஸை மூணு வருஷம் வெச்சு மேய்ச்சீங்களே, அந்த எக்ஸ்பீரியன்ஸ் போதும்.”

அடையாறில் ஒரு சதுப்பு நிலம்

சோதனைக்கென்று ஒரு டிராக்டர் எங்கள் கட்டடத்தின் கார் பார்க்கிங்கில் நின்றது. இரண்டு கார்களுக்கு நடுவில் அது நிற்பதை அசோசியேஷன் செக்ரட்டரி தினமும் ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை, பின்சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறதென்று எங்கள் மெக்கானிக் பாபு வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார். பெட்டி ஆனில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? தமிழ்நாட்டிலேயே படுமோசமான சேறு அடையாறில் இருக்கிறது என்று எங்கள் பார்க்கிங்கையும் பக்கத்துத் தெருவையும் சேர்த்து ரத்தச் சிவப்பாக்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுத்தார் பாபு. கிளப்பியதுமே பெட்டி விழித்துக்கொண்டது. வேகம் ஆமை நடை, சக்கரத்துக்கு லாக்கு. லாக்கு போட்ட வண்டி நேராகத்தான் போகும், வளைத்தால் வளையாது. எங்கள் கேட்டிலோ இடது பக்கம் ஒடித்துத்தான் வெளியே வர வேண்டும். வண்டி குறுக்கே நின்றுகொண்டது. பின்னால் ஏழு கார். “இன்னா மேடம் இது, காஞ்ச தரையப் பாத்து இந்தப் பயம் பயந்துக்கினு கீது” என்று பாபு தலையில் அடித்துக்கொண்டார். முதல் காரிலிருந்து செக்ரட்டரி இறங்கி வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மேப்பை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “நாலு வருஷமா இந்தத் தரை சரியில்லை சரியில்லைன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்றேன், ஒரு ஃப்ளாட்காரர் ஒத்துக்கலை. இதை எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க.”

ஈசானிய மூலை

எங்களுக்குச் சென்னையிலேயே வாடிக்கையாளர்கள் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. நிலம் கும்பகோணத்துப் பக்கம் இருக்கும், சொந்தக்காரர் மயிலாப்பூரில் இருப்பார். அப்படி ஒருவர் ராமசுப்பு மாமா. பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். குத்தகைக்காரரின் டிராக்டருக்குத் தன் செலவில் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, லஸ் பக்கத்து வீட்டில் காலைக் காபியோடு மேப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். பேப்பர் படிப்பதை நிறுத்தியே விட்டார் என்று மாமி ஒரு தடவை போனில் வருத்தப்பட்டார்.

ஒரு நாள் மாமா படபடப்பாகக் கூப்பிட்டார். நிலத்தின் ஈசானிய மூலை சிவப்பாக இருக்கிறதாம், வடகிழக்கு மூலையில் சிவப்பு குடும்பத்துக்கு ஆகாதாம், உடனே எடுக்க வேண்டுமாம். மாமா, அந்த மூலையில் வாய்க்கால் ஓடுகிறது, தண்ணீர் கசிகிறது, அதனால்தான் சிவப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமாவின் குரலே மாறிவிட்டது. “ஜலமா? ஈசான்யத்துல ஜலம் இருக்கறது எப்பேர்ப்பட்ட விசேஷம் தெரியுமோ? அத்தனை உத்தமமான எடத்துல போய் யாராவது செவப்பு அடிச்சுண்டு ஒக்காந்திருப்பாளா? நீலத்தைப் போடும்மா!”

பழைய பத்திரம்

கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாத மழை. ஆபீசுக்கு வந்தது நான் மட்டும்தான். மதியம் ஒரு புது நம்பர். வேளச்சேரியில் இருக்கிறாராம், தரமணியில் வேலையாம், எங்கள் மேப்பைப் பற்றி யாரோ சொன்னார்களாம். நாளைக் காலை ஸ்கூட்டரில் ஆபீஸ் போக வேண்டும், எந்தத் தெருவில் மாட்டுவேன், எந்தத் தெருவில் மாட்டமாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

இது வயலுக்கான மேப் சார், ரோட்டுக்குப் போடுவதில்லை என்றேன். எவ்வளவு தூரம் தண்ணீர் என்று சும்மா உத்தேசமாகச் சொல்லுங்கள் என்றார். எங்களிடம் வயல்களின் விவரம்தான் இருக்கிறது, ரோட்டுக்கோ வீட்டு மனைக்கோ நாங்கள் எதுவும் சொல்ல முடியாது என்று கறாராகச் சொன்னேன். அலமாரியைத் திறக்கும் சத்தமும் காகிதம் புரட்டும் சத்தமும் கேட்டன. பிறகு அவர் தெளிவாக வாசித்தார்: “மேடம், எங்க லேஅவுட்டோட தாய்ப்பத்திரத்துல ‘நஞ்சை’ன்னுதான் போட்டிருக்கு. இங்க இடுப்பளவு தண்ணியும் நிக்குது. வயல்னு சொல்ல இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

தி.நகர் பெஞ்சு

மார்கழியில் பிரவீன் ஒரு பெரிய வாடிக்கையாளரைப் பிடித்தான். மன்னார்குடிப் பக்கத்து கோவிந்தசாமி. பன்னிரண்டு அறுவடை மெஷின் வைத்திருக்கிறார். அதில் பெரும்பாலும் டயர் வண்டி. டயர் வண்டி விறுவிறுவென்று அறுக்கும், ஆனால் சேறு கண்டால் உட்கார்ந்துவிடும். சங்கிலிப் பட்டை போட்ட பெல்ட் வண்டி எந்தச் சேற்றிலும் ஊர்ந்து போகும், ஆனால் ஊர்ந்துதான் போகும். டயர் வண்டி மாட்டினால் அதை இழுக்க இன்னொரு வயலிலிருந்து பெல்ட் வண்டியை வரவழைக்க வேண்டும், இரண்டு வயல் வேலையும் கெடும். ஆகவே எங்கள் பெட்டி தேவைப்பட வேண்டிய முதல் மனிதர் அவர்தான். ஆபீஸ் தப்பிப்பதும் பூட்டப்படுவதும் அவர் கையில் இருந்தது.

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு தி.நகர் வந்திருந்தார். நேரமில்லை, கடைக்கே வாங்க என்றுவிட்டார். மூன்றாவது மாடியில், புடவை எடுக்கும் பெண்களுக்காகக் காத்திருக்கும் ஆண்கள் உட்காரும் நீள பெஞ்சில் எங்கள் மீட்டிங் நடந்தது. பிரவீன் டேப்லெட்டை நீட்டி மேப்பை விளக்க, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத கணவர்களும் வேறு வேலை இல்லாததால் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். கோவிந்தசாமி மட்டும் ஆட்டவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, மூன்று வண்டியில் இந்தப் போகம் பார்க்கிறேன், பிடித்திருந்தால் பன்னிரண்டிலும் போடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. “இப்ப வண்டி மாட்டுனா டிரைவரை ஏசுறேன். இனிமே மாட்டுனா ஏசுறதுக்கு ஒரு ஆளு பேரு சொல்லுங்க தம்பி. கம்ப்யூட்டரை ஏசி எனக்குப் பழக்கமில்ல.” பிரவீன் சற்றும் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டீச்சரையா? ஏசிப்புடலாங்களா? கோவிச்சுக்க மாட்டாங்களே?”

நல்ல பாத்திரம்

பொங்கல் முடிந்து அறுவடை தொடங்கியது. மூன்று வண்டியில் முதல் வண்டியின் டிரைவர் செந்தில், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வண்டிக் கூரையில் தட்டையாக ஒரு ஆன்டெனா வைத்திருப்போம். வண்டி எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிவது அதனால்தான். முதல் நாள் காலையே செந்திலின் வண்டி மேப்பிலிருந்து காணாமல் போனது. முதல் நாளே இப்படியென்றால் கோவிந்தசாமி என்ன நினைப்பார்?

செந்திலைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒயர் சரியாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, எல்லாம் சரி. ஆன்டெனா மேலே ஏதாவது மறைக்கிறதா என்றேன். “ஒண்ணும் மறைக்கல மேடம், பனியில நனையக் கூடாதேன்னு எவர்சில்வர் குண்டான் ஒண்ணு கவுத்து வெச்சிருக்கேன்” என்றார். உலோகச் சாமானுக்குள் அடைத்தால் ஆன்டெனாவுக்கு எதுவும் கேட்காது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். புரிந்ததா என்றேன். நன்றாகப் புரிந்தது என்றார். “எவர்சில்வர் ஆவாதுங்கறீங்க. அப்ப அலுமினியத்துல கவுத்தரட்டுங்களா?”

பதினோரு மணிச் சேறு

பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. மேப் சொல்லாத இடத்தில் டிரைவரே சேற்றைக் கண்டால் அதை அழுத்தலாம். வண்டி நிதானித்து நிற்கும், அந்த இடம் மேப்பில் சிவப்பாகும், அடுத்த முறை கம்ப்யூட்டர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் போனதும் நான் ஒன்றைக் கவனித்தேன். மூன்றில் இரண்டு வண்டிக்குத் தினமும் காலை பதினோரு மணிக்குச் சேறு வந்தது. மறுபடி நாலு மணிக்கு வந்தது. வயலின் நடுவில் அல்ல, எப்போதும் ரோட்டோரமாக. மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்தில் ஒரு டீக்கடை.

செந்திலைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டோரத்தில், வெயில் காய்கிற வரப்பில், சரியாகப் பதினோரு மணிக்கு எங்கிருந்தப்பா சேறு வருகிறது என்றேன். பத்தொன்பது வருஷத்து அனுபவத்தில் எனக்குத் தெரியும், இந்தக் கேள்விக்கு எந்தப் பையனும் முதலில் பேச்சை மாற்றத்தான் பார்ப்பான். செந்திலும் சென்னையில் மழையா மேடம் என்று கேட்டுப் பார்த்தார். பிறகு மனசைத் திறந்தார். “டீக்கு நிறுத்துனா, வண்டி ஏன் நிக்குதுன்னு ஓனரு உடனே போன் போடறாரு மேடம். சேத்துக்கு நிறுத்துனா ஒருத்தரும் போன் போடறதில்லீங்க.”

மாலை போட்டவர்

செந்தில் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் விடவில்லை. தினமும் டீக்கடை ஓரமெல்லாம் சிவப்பாவதைப் பார்த்துப் பார்த்து, டீக்கடை இருந்தால் சேறு இருக்கும் என்று அது தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இதுவரை யாரும் நிறுத்தாத கடைகளுக்குப் பக்கத்திலும் முன்கூட்டியே சிவப்பு போட ஆரம்பித்தது.

இரண்டாவது வண்டி டிரைவர் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். வண்டி பாதி வயலில் தானாக நிதானித்து, லாக்கு போட்டுக்கொண்டு, டீக்கடை எதிரே போய் நிற்கப் பார்க்கிறது என்றார். நீங்கள் பொத்தானை அழுத்தினீர்களா என்றேன். தொடவே இல்லையாம். “நான் பழனிக்கு மாலை போட்டிருக்கேன் மேடம், வெளியில பச்சைத் தண்ணி குடிக்கிறதில்ல. நான் வேணாம்னாலும் வண்டி என்னை டீ குடிக்கக் கூப்பிடுது.”

நான் செய்த திருத்தம்

இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று நானே உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க, மேப்பில் டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தேன். கையால் அழித்த இடத்தில் கம்ப்யூட்டர் மறுபடி சிவப்பு போடாது. அழிக்க அழிக்க ஒரு திருப்தி. காப்பி அடித்த பையனைக் கையும் களவுமாகப் பிடித்தால் வருமே, அதே திருப்தி. மறுநாளிலிருந்து வண்டிகள் எங்கும் தானாக நிற்காமல் பறந்தன. கோவிந்தசாமியே கூப்பிட்டு, டீச்சர், இப்ப நல்லாப் போவுது என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாவது நாள் செந்தில் ஒரு விதவைப் பெண்மணியின் வயலில் இறங்கினார். மறுநாள் மழை என்று சொல்லியிருந்ததால் அன்றைக்கே அறுத்தாக வேண்டும். வயல் மூலையில் ஒரு டீக்கடை. மேப்பில் பளிச்சென்று பச்சை. செந்தில் முழு வேகத்தில் போனார், வண்டி சக்கரம் பாதி வரைக்கும் இறங்கி உட்கார்ந்தது. கிளாஸ் கழுவுகிற தண்ணீரும் அடிபம்புத் தண்ணீரும் வருஷம் பூராவும் அந்த மூலைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செந்திலின் போனை டீக்கடைக்காரர் வாங்கி எனக்கு ஆறுதல் சொன்னார்: “இந்த மூலையில வண்டி மாட்டாத வருசமே கெடையாதுங்க. நானே ஓடியாந்து சொல்லியிருப்பேன். பெட்டி வச்ச வண்டியாச்சே, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன்.”

ஸ்பீக்கர் போன்

பெல்ட் வண்டி வந்து இழுத்தது. மிச்சக் கதிரையும் அதுவே சாயங்காலத்துக்குள் அறுத்து முடித்தது. நெல் நனையாமல் வீடு சேர்ந்தது என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு பழைய மேப்பை எடுத்துப் பார்த்தேன். டிரைவர் பொத்தான் அழுத்தி வந்த சிவப்பு என்றால் அதன் மேல் சின்னதாக ஒரு கை அடையாளம் இருக்கும். அந்த மூலைச் சிவப்பில் கை அடையாளம் இல்லை. சாட்டிலைட் படத்தைப் பார்த்து, ஈரத்தைக் கண்டு, கம்ப்யூட்டர் தானாகப் போட்ட சரியான சிவப்பு அது. கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அழி என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அந்த ஒரு க்ளிக்கில் என் வேலையோடு மற்ற ஐந்து பேர் வேலையையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிரவீன் முகம் வெளுத்துப் போயிருந்தது. மேகம் மறைத்துவிட்டது, சாட்டிலைட்டுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் மிஸ், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றான். நல்ல பொய்தான். ஆனால் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் மிஸ் என்று இதே பிரவீன் வாரத்துக்கு ஒரு தடவை சொன்னபோது ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. அதே பொய்யை இப்போது நானே சொல்ல என் வாய் வரவில்லை. கோவிந்தசாமியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான்தான் அய்யா, நான்தான் அழித்தேன் என்று டீக்கடை விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன்.

“அப்ப அந்த மூலையில மொதல்ல செவப்பு இருந்துச்சு?” என்றார். இருந்தது என்றேன். “சரியா அதே எடத்துலயா?” அதே இடத்தில்தான். “யாரும் சொல்லாமலே அது போட்டிருந்துச்சு?” ஆமாம் அய்யா, தானாகவே போட்டது. அவர் ஏச ஆரம்பிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என்னை விட்டுவிட்டு, பிரவீனைக் கூப்பிட்டார். “தம்பி, பாக்கி ஒம்போது வண்டிக்கும் பெட்டியை மாட்டிடுங்க. பெட்டி சரியாத்தான் எழுதியிருக்கு, டீச்சர்தான் தப்பாத் திருத்திட்டாங்க.”

இப்படியாக, பத்தொன்பது வருஷம் பிள்ளைகளின் பேப்பரில் சிவப்பு மை போட்டே பிழைத்த நான், ஒரே ஒரு சிவப்பை அழித்த புண்ணியத்தில் ஆபீசைக் காப்பாற்றி, கையிலிருந்த மவுஸைப் பிரவீனிடம் பறிகொடுத்து, இன்று வரை போன் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.